செல்லாயியின் இடது கன்னம்

குன்னத்தில் அடுத்த மாதம் சிங்காரத்துக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். சுகாதார நிலையத்தில் இப்போது வேலை பார்க்கும் ஆய்வாளர் ஒருவர் வீடு தேடி வந்து, "அவரை ஆரம்பத்துலேருந்து பாத்தவங்க நீங்கதான் சார். பத்து நிமிஷம் பேசணும்" என்றார். சரி என்றேன். அன்றே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்குள் அடங்குவதை மட்டும் சொன்னால் நான் ரொம்ப நல்லவனாகத் தெரிகிறேன். மிச்சத்தையும் சேர்த்தால்தான் உள்ளது உள்ளபடி வரும். அதனால் மேடைக்குப் பத்து நிமிடம். மற்றது இங்கே.

எழுபதுகளில் குன்னம், செந்துறை, அரியலூர்ப் பக்கம் ஊர் ஊராக நாடகம் போட்ட ஒரு குழுவில் பெண் வேடம் கட்டியவர் சிங்காரம். ராணி, தோழி எல்லாம் கட்டினார். ஜனங்கள் காத்திருந்தது என்னவோ நடுவில் வரும் செல்லாயிக்காகத்தான். செல்லாயி அவராகவே உண்டாக்கிய ஆள். சின்ன வெங்காயம் விற்கிறவள். கண்டாங்கிச் சேலை, இடுப்பில் சுருக்குப்பை, இரண்டு பக்கமும் மூக்குத்தி. எழுதி வைத்த வசனம் எதுவும் கிடையாது. எதிரே இருப்பவர்களைப் பார்த்துப் பேசுவாள். நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய மனுஷரிடம், "ஏ மாமா, வூட்டுல உக்கார எடமில்லாமயா இங்க வந்து உக்காந்திருக்கீங்க?" என்பாள். அவரும் சிரிப்பார். கடைசியில் முன்வரிசைத் தாய் ஒருத்தியிடமிருந்து கைக்குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு தாலாட்டைத் தப்புத்தப்பாகப் பாடுவாள். குழந்தை அழாது. அது எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள்.

வேடம் கலைந்தால் சிங்காரம் அதிகம் பேசாதவர். விதவையான அக்காவோடு குன்னத்தில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேலையில் இருக்கும்போது எல்லோரும் 'அவள்' என்றோம், வேட்டியில் இருக்கும்போது 'அவர்' என்றோம். அவர் இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தார். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நான் தொழுநோய் ஆய்வாளர். ஆறு மாதப் பயிற்சி முடித்து, பெரம்பலூரில் இருந்த எங்கள் பிரிவுக்கு வந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. வேறு வேலை கிடைத்திருந்தால் இதற்கு வந்திருக்க மாட்டேன். ஊருக்குக் கடிதம் எழுதும்போது 'சுகாதாரத் துறை' என்று மட்டும் எழுதினேன்.

வேலை இதுதான். வீடு வீடாகப் போக வேண்டும். வெயில் நன்றாக விழும் இடத்தில் ஆளை நிறுத்தி, முதுகு, கை, கன்னம், காது மடல் எல்லாம் பார்க்க வேண்டும். வெளிறிய தேமல் இருந்தால், கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரியாக முறுக்கி அதன் நுனியால் மெல்லத் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். நல்ல தோலில் தொட்டால் உடனே காட்டிவிடுவார். தேமலில் தொடும்போது, "எங்க சார், இன்னும் தொடலயே" என்பார். அந்தப் பதில்தான் நோய். பிறகு முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடித்திருந்தால் கயிறு போல உருளும்.

எங்கள் டாக்டர் ஞானப்பிரகாசம் இதையெல்லாம் அவசரமில்லாமல் செய்வார். குரல் உயர்த்த மாட்டார். யாரையும் 'நோயாளி' என்று சொல்ல மாட்டார், பெயர் சொல்வார். ஒரு வீட்டில் யாருக்காவது நோய் இருப்பது உறுதியானால், அந்த வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். எங்களுக்கு அவர் அதை உத்தரவாகச் சொன்னதில்லை. எங்கள் முன்னால் குடிப்பார், அவ்வளவுதான். நாங்களும் டம்ளரை வாங்குவோம். நான் வாங்கிக்கொண்டு, ஏதோ சாக்கில் வாசலுக்கு வந்து, செடியில் ஊற்றிவிடுவேன். எல்லாம் படித்திருந்தேன். இருந்தும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

எங்கள் ஜீப் ஊருக்குள் நுழைந்தாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். 'குஷ்ட ஜீப்' என்றுதான் அதற்குப் பெயர். ஒருமுறை குன்னம் பக்கத்து ஊர் ஒன்றில் படம் காட்டத் திரை கட்டினோம். வந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் தலையாரி. அடுத்த வாரம் அதே ஊரில் செல்லாயி பேசியபோது உட்கார இடமில்லை. நான் சிங்காரத்தைப் போய்ப் பார்த்தேன். "உங்க பேச்சுக்கு நடுவுல ரெண்டு வார்த்தை சொன்னா போதும். தேமல் இருந்தா வந்து காட்டுங்கன்னு" என்றேன்.

"வேணாங்க சார்" என்றார். "நான் பேசறது சிரிக்கறதுக்கு. இந்தப் பேச்ச எடுத்தா பொம்பளைங்க புள்ளைய தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க."

இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதே பதில்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், இன்னொரு ஊரில், பள்ளிக்கூடக் கட்டடத்தில் அவர் ஒப்பனைக்கு உட்கார்ந்திருந்தபோது மூன்றாவது முறையாகப் போனேன். பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி வைத்திருந்தார்கள். கண்ணாடியைப் பார்த்துப் புருவம் எழுதிக்கொண்டே என்னோடு பேசினார். இடது கை விளக்கின் தகரத் தலையில் சாய்ந்திருந்தது. எனக்கு முடி கருகும் வாசனை வந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"கை" என்றேன்.

குனிந்து பார்த்தார். தோல் வெந்து சுருங்கியிருந்தது. கையை எடுத்தார். முகத்தில் வலி இல்லை. கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தார். இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேமல். இடது முன்கையில் இன்னொன்று. பஞ்சை முறுக்கினேன். கண்ணை மூடினார். தேமலில் நான்கு முறை தொட்டேன். விரலைத் தூக்கவே இல்லை. முழங்கை நரம்பு கயிறாக உருண்டது.

"ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும் சார்" என்றார் கண்ணைத் திறக்காமலே. "பகல்லயும் பவுடர் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பொம்பள வேசம் கட்டறவன், அப்படித்தான் இருப்பான்னு ஊரு நெனச்சுக்கிச்சு. நல்லதாப் போச்சு."

"மருந்து இருக்குங்க. உங்க வகை அடுத்தவங்களுக்கு ஒட்டாது."

"அது உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு?" என்றார். "தெரிஞ்சா செல்லாயி கையில யாரு சார் புள்ளையத் தருவாங்க?"

குன்னத்தில் மாத்திரை வாங்க வரமாட்டேன் என்றார். அவர் ஊர்க்காரர்கள் வராத இடமாகப் பார்த்து, ரஞ்சன்குடிக் கோட்டையைச் சொன்னார். மாதம் ஒருமுறை, காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவார். நான் சைக்கிளில் போவேன். மதிலின் நிழலில் உட்கார்ந்து தோலைப் பார்ப்பேன், மாத்திரை கொடுப்பேன். அக்கா கொடுத்துவிட்ட மோரைத் தூக்குவாளியிலிருந்து டம்ளரில் ஊற்றி நீட்டுவார். நான் காற்று வாங்குவது போல நடந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் ஊற்றிவிட்டு வருவேன். ஒவ்வொரு மாதமும் செய்தேன்.

ஒருநாள் டாக்டர் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "இவரை எங்க பாக்கறீங்க?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அடுத்த தடவை நானும் வரேன்" என்றார்.

வந்தார். கிருமி இருக்கிறதா என்று பார்க்க, காது மடலில் சிறு கீறல் போட்டு, கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டார். பிறகு சிங்காரத்தின் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்து, "இறுக்கிப் பிடிங்க, நான் இழுக்கறேன்" என்றார். வலது கையில் காகிதம் வரவில்லை. இடது கையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்னொரு முறை வைத்தார். இன்னொரு முறை வந்தது. டாக்டர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மோர் இருக்கா சிங்காரம்?" என்றார். இரண்டு டம்ளர் குடித்தார்.

அடுத்த பங்குனியில் நரம்பு வீங்கியது. நாடக சீசன். சிங்காரம் கையைத் துண்டில் தொங்கவிட்டபடி ராப்பகலாகப் பொறுத்துக்கொண்டு, இனி முடியாது என்றபோது வந்தார். மாத்திரை கொடுத்து, கைக்குக் கழற்றி மாட்டும் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் படுக்க வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"ஆறு வாரம் ஆடலன்னா குழுவுல வேற ஆளப் போட்டுருவாங்க சார்."

"இருக்கலாம்" என்றார் டாக்டர். "இப்ப விட்டா விரல் மடங்கிடும். அப்புறம் நிமிராது. செல்லாயி கைய வீசிப் பேசறவ. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்."

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டார். உடம்புக்குச் சரியில்லை, திருச்சியில் வைத்தியம் என்று குழுவுக்குச் சொல்லியனுப்பினார்.

மேடையில் சொல்ல முடியாததை இனிமேல்தான் எழுத வேண்டும். அரியலூர் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாடகக் குழுவை நடத்திய கந்தசாமி வாத்தியாரும் ஒரு டீ வாங்கிக்கொண்டு எதிரே வந்தார். "என்ன சார், நம்ம சிங்காரம் திருச்சியில எந்த ஆஸ்பத்திரின்னு தெரியுமா? போய்ப் பாத்துட்டு வரலாம்னு" என்றார். கவலையோடுதான் கேட்டார். நான் வேறு ஏதோ நினைவில், "திருச்சியில எங்க? எங்ககிட்டத்தான் இருக்காரு" என்றேன். வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று கேட்டது. வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். காசை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரத்தில் குன்னம் முழுவதும் தெரிந்துவிட்டது. அக்கா தண்ணீர் எடுக்கப் போன குழாயடியில் மற்ற பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். குழுவில் செல்லாயி வேடம் வேறொருவருக்குப் போனது.

இரண்டு நாள் சிங்காரம் முன்னால் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் கட்டிலருகே நின்று, "நான்தான் சொன்னேன்" என்றேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றும் மறுநாளும் என்னிடம் பேசவில்லை. டாக்டரிடமும் ஒப்புக்கொண்டேன். கேட்டுவிட்டு, "அவர் பேசற வரைக்கும் தினம் நீங்களே கட்டை அவிழ்த்துக் கழுவி விடுங்க" என்றார். அது தண்டனையா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கட்டு அவிழ்க்க ஆரம்பித்த மூன்றாவது நாள் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது சிங்காரம் சொன்னார். "உங்க மேல கோவம் போகல சார். போக நாளாகும். ஆனா ஒண்ணு. காலையில எந்திரிச்சதும் பவுடர் டப்பாவத் தேடினேன். அப்பறம் எதுக்குன்னு தோணுச்சு. இத்தன வருஷத்துக்கப்பறம் இன்னிக்குத்தான் மூஞ்சி லேசா இருக்கு."

ஆறு வாரம் கழித்து விரல்கள் நிமிர்ந்தே இருந்தன. பிடி மட்டும் கொஞ்சம் தளர்வு. எந்தக் குழுவும் அழைக்கவில்லை. எங்கள் ஜீப்பையும் வரச்சொல்லிவிட்டு அவர் குன்னம் சந்தைக்குப் போனார். பட்டப்பகலில், கண்டாங்கி கட்டி, இரண்டு மூக்குத்தியும் போட்டு, வெங்காய மூட்டைகளின் மேல் ஏறி நின்றார். வலது கன்னத்தில் மட்டும் ஒப்பனை. இடது கன்னத்தை அப்படியே விட்டிருந்தார். வெயிலில் அந்தத் தேமல் தூரத்திலிருந்தே தெரிந்தது. சந்தை அப்படியே நின்றது.

"என்னா பாக்கறீங்க? எல்லாரும் கேள்விப்பட்டதுதானே" என்று ஆரம்பித்தாள் செல்லாயி. "எம் மூஞ்சியில பாதி எனக்கு, பாதி சர்க்காருக்கு. இந்தப் பக்கம் கொசு கடிச்சா வலிக்கும். அந்தப் பக்கம் மாமியாரே கடிச்சாலும் வலிக்காது." யாரோ ஒருவர் சிரித்தார். அது போதுமாயிருந்தது அவளுக்கு. பஞ்சைத் திரித்து, ஒரு தரகரைக் கண்ணை மூடச் சொல்லித் தொட்டுக் காட்டினாள். "இவருக்குத் தெரியுது. தெரியாத எடம் உங்க ஒடம்புல எங்கயாச்சும் இருந்தா, அந்தா நிக்குதே ஜீப்பு, அங்க போங்க. நான் போனேன். கை வேணும்னு போனேன்."

முடிவில் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டிக் குழந்தை கேட்டாள். யாரும் கொடுக்கவில்லை. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். "சரி, புள்ளைங்க தூங்குது போல. அடுத்த சந்தைக்கு வரேன்" என்று இறங்கிவிட்டாள்.

அடுத்த சந்தைக்கும் வந்தாள், அதற்கடுத்ததற்கும். கை நீட்டுவாள், நிற்பாள், இறங்குவாள். நான்காவது வாரம், சுண்ணாம்புக்கல் குவாரியில் மண் சுமக்கும் ஒரு பெண், அழுகிற குழந்தையோடு மூட்டை கட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தவள், "இந்தா, செத்த புடி. இத வெச்சுக்கிட்டு ஒரு வேலையும் ஓடல" என்று தூக்கி அவள் கையில் திணித்துவிட்டுச் சாக்கைத் தைக்கக் குனிந்தாள். செல்லாயி பாட வேண்டிய தாலாட்டைப் பாடவில்லை. பாட வரவில்லை என்று பின்னால் சொன்னார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அன்று பகல் முடிவதற்குள் பதினோரு பேர் எங்கள் ஜீப்புக்குத் தாமாகவே வந்து சட்டையைக் கழற்றினார்கள். அதற்கு முன்னால் ஒரு வருடம் முழுவதும் அலைந்தும் அத்தனை பேர் தாமாக வந்ததில்லை.

பிறகு ஊர் ஊராகச் செல்லாயி எங்களோடு வந்தாள். கண்டுபிடிக்க வேண்டியதை அவள் சிரிக்க வைத்துக் கண்டுபிடித்தாள். குழாயடிப் பெண்களை ஒரு கதையாக்கினாள். குழாயடி மாறியது. ஒருநாள் புதிதாக ஒரு கதை சொன்னாள். அதில் ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார். வீட்டுக்கு வீடு, "ஒட்டாதும்மா, பயப்படாதீங்க" என்கிறார். மோர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குகிறார். காற்று வாங்குவது போல நடந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் ஊற்றுகிறார். செல்லாயி அந்த நடையை நடந்து காட்டினாள். என் நடை. தோளைச் சற்றே தூக்கிய நடை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது. டாக்டர் மட்டும் சிரிக்காமல், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேடம் கலைத்த பிறகு போய் நின்றேன். "எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"மொத மாசமே" என்றார் சிங்காரம். "மதிலுக்கு அந்தாண்ட எறும்பு மொச்சுக்கிட்டு கெடந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"மாத்திரைய ஒழுங்காக் கொண்டாந்தீங்களே" என்றார்.

அவர் வீட்டுக்குப் போய் அக்காவிடம் தண்ணீர் கேட்டேன். சொம்பில் கொடுத்தார். குடித்தேன். கஷ்டமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். அதற்குப் பிறகு வந்த வீடுகளில் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

எண்பதுகளின் நடுவில் சென்னையிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் எங்கள் வேலையைப் படம்பிடிக்க வந்தார்கள். டாக்டரைக் காமிரா முன் நிறுத்தினார்கள். நூறு வீட்டில் நிதானமாகப் பேசியவருக்கு அந்தக் கண்ணாடி வட்டத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. செல்லாயி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, "டாக்டரய்யா, காமிராவ வுடுங்க. எனக்குச் சொல்லுங்க. கோட்டைக்கு என்னப் பாக்க வந்தப்ப என்கிட்ட என்னா கேட்டீங்க?" என்றாள். "மோர் கேட்டேன்" என்றார் டாக்டர். பிறகு பேச்சு தானாக வந்தது.

அந்த நிகழ்ச்சிக்கு வந்த கடிதங்களைப் பார்த்து, கிராமத்து நிகழ்ச்சி ஒன்றை மாதாமாதம் நடத்த அவரையே கூப்பிட்டார்கள். முதல் நாள் ஓர் அதிகாரி, வேட்டி சட்டையில் வந்தால் கௌரவமாக இருக்கும் என்றாராம். "சிங்காரத்த யாருக்குங்க தெரியும்? கேள்வி கேக்கறவ செல்லாயிதான்" என்று சேலையைக் கட்டிக்கொண்டார். ஒப்பனைக்காரர், விளக்கு வெளிச்சத்துக்குக் கன்னத்தை மறைத்துவிடலாம் என்றார். அதற்கும் வேண்டாம் என்றார். நான்கு வருடம் நடத்தினார். செல்லாயி உரம் வராததைக் கேட்டாள், பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாததைக் கேட்டாள். பஞ்சாயத்து அலுவலக வாசலில் வைத்த டிவிப் பெட்டியில் படம் புள்ளியும் கோடுமாகத்தான் தெரியும். குரலைக் கேட்பதற்காகவே குன்னம் கூடும். குழுவிலிருந்து நீக்கிய கந்தசாமி வாத்தியாரும் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு அவரே வீட்டுக்கு வந்து சிங்காரத்திடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம், போக்குவரத்து அதிகாரி ஒருவரை உட்கார வைத்திருந்தாள். எங்களிடம் வைத்தியம் பார்ப்பவர்கள் மருந்து வாங்க வர பஸ்ஸை நிறுத்தினால், விரல் மடங்கியதைப் பார்த்ததும் நடத்துனர்கள் ஏற்றாமலே வண்டியை எடுக்கச் சொல்லி விசில் அடித்துவிடுவார்கள். டாக்டர் எழுதிப் போட்ட கடிதங்களுக்குப் பதிலே வந்ததில்லை. செல்லாயி சுற்றி வளைக்கவில்லை.

"அய்யா, மருந்து சாப்புடறவங்கள பஸ்ஸுல ஏத்தலாமா, கூடாதா?"

அதிகாரி, அது பல விஷயங்களைப் பொறுத்தது என்று தொடங்கினார்.

"எனக்குப் படிப்பு இல்லைங்க. ஏத்தலாமா, கூடாதா?"

"ஏத்தலாம்" என்றார்.

"நான் உங்க பக்கத்துல இவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன். உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?"

"இல்லம்மா" என்றார் அவர்.

அது ஒளிபரப்பான மறுவாரம் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு நிறுத்தத்தில் முதியவர் ஒருவர் ஏறினார். எங்கள் பதிவில் உள்ளவர் இல்லை, எனக்கு அவரைத் தெரியாது. இரண்டு கையிலும் விரல்கள் மடங்கியிருந்தன. நடத்துனர் பார்த்துவிட்டு, "எறங்கு பெரியவரே, அடுத்த பஸ்ஸுல வா" என்றார். முதியவர் பழக்கப்பட்டவர் போலப் படியில் காலை இறக்கினார். நான் எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், முன்னால் பருத்திக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி திரும்பினாள்.

"எதுக்கு எறங்கணும்? ஏத்தலாம்னு உங்க ஆபீசரு சொன்னாருல்ல. செல்லாயி கேட்டாள்ல, நாங்க எல்லாரும் பாத்தோம்ல."

"நீ உன் வேலையப் பாரும்மா."

"எம் வேலையத்தான் பாக்கறேன். வண்டிய எடுக்கச் சொல்லு. பெரியவரே, நீங்க ஏறுங்க."

இன்னொரு குரல், "ஆமா, டிவியில சொன்னாங்க" என்றது. பின்னாலிருந்து இன்னொன்று. நடத்துனர் ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். பிறகு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். முதியவர் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். காலியாக இருந்தது என் பக்கத்து இடம்தான். உட்காரலாமா என்பது போலப் பார்த்தார். நகர்ந்துகொண்டேன்.

பஸ் புறப்பட்டது. நான் ஆய்வாளர் என்று அவரிடம் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அவர் என் பக்கம் சாய்ந்து, ரகசியம் கேட்பது போலக் கேட்டார்.

"யாருங்க தம்பி அந்தச் செல்லாயி?"